முதுகில் ஓர் உள்ளங்கை இடம்

ஜனவரி 9

என்னங்க,

இங்கே நலம். நீங்கள் அங்கே சுகமா? அத்தை நலம். உங்கள் தலை தெருமுனையில் மறைந்ததும் அழுதார்கள். அழுது முடித்ததும் டீ கேட்டார்கள்.

போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் உங்கள் பேக்கரியில் இருப்பது ஒரே போன், அதுவும் முதலாளி மேசையில். அன்றைக்கு நீங்கள் பேசும்போது பின்னால் அவர் இருமுவது கேட்டது. அந்த இருமலுக்கு நடுவே என் புருஷன் முதுகைப் பற்றி விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா? முழங்கை, முழங்கால் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும், கவலையில்லை. தோள்பட்டை எலும்பு இரண்டுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக இருக்கிறதே, அதுதான் என் கேள்வி. கல்யாணமானதிலிருந்து எட்டு வருஷமாக அங்கே மருந்து போட்டவள் நான். நீங்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. இருப்பது உங்கள் முதுகில் என்றாலும் அது என் இடம்.

குளித்த ஈரம் காய்வதற்குள் முதலில் வழவழப்புக் களிம்பு, அது ஊறிய பிறகு மருந்துக் களிம்பு. செதிலை நகத்தால் பிய்க்காதீர்கள். சொரியாசிஸை எவ்வளவு சீண்டுகிறோமோ அவ்வளவு வளரும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். அந்த இடத்துக்கு இப்போது யார் போடுகிறார்கள்?

சும்மாதான் கேட்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 27

அன்புள்ளவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பேக்கரி பெரியது. என் வேலை அடுப்படியில். தட்டுகளை உள்ளே தள்ளுவது, நிறம் பார்த்து வெளியே இழுப்பது. இங்கே யாருக்கும் பெயர் கிடையாது, தொழில்தான் பெயர். நான் 'அடுப்பு'. ரொட்டியைக் கடைகளுக்குக் கொண்டுபோகிற டிரைவர் 'வண்டி'. மாவு பிசைகிறவள் 'மாவு'. அவள் மாவை அறைகிற அறையில் மேசையே நகர்ந்துவிடும். அப்படி ஒரு கை வலுவை நான் பார்த்ததில்லை.

வண்டியும் நானும் பேக்கரிக்கு மேலே ஒரே அறையில் இருக்கிறோம். அவன் நல்லவன்தான். ஆனால் என் முழங்கையைப் பார்த்த நாளிலிருந்து அவன் துண்டைத் தனிக் கயிற்றில் காயப்போடுகிறான். “தப்பா நினைக்காதேண்ணே, புள்ளைகுட்டிக்காரன்” என்றான். இது ஒட்டுகிற நோயில்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கயிற்றை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டினான்.

முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் கூடாது. தோல் உதிர்கிறவனை மாவு இருக்கிற இடத்தில் யார் நிறுத்துவார்கள்? முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதே இல்லை.

முதுகு பரவாயில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 11

என்னங்க,

நலம். அத்தைக்கு வலி மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் வருகிறது.

உங்கள் கடிதத்தில் அடுப்பைப் பற்றி நாலு வரி, அறையைப் பற்றி நாலு வரி. நான் கேட்ட கேள்விக்கு ஒரே சொல், 'பரவாயில்லை'. மாவுக்கு மட்டும் கை, வலு, அறை, மேசை என்று வர்ணனை கொடிகட்டிப் பறக்கிறது. மாவு என்பது தொழிலா, செல்லப் பெயரா? வயதை எழுதவில்லையே. என் காலர் தைக்கிற கையைப் பற்றி இந்த எட்டு வருஷத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

நேற்று தையல் யூனிட்டில் ஒரு கட்டுச் சட்டைக்குக் காலரை உட்புறம் வெளியே வரும்படி தைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா, “உன் மனசு எங்கே இருக்கு?” என்று கேட்டார்கள். மாவில் இருக்கிறது என்றா சொல்வது?

மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் முதுகைச் சொல்லி விசாரித்தேன். நல்ல மனிதர், நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னார். குளிர் காலத்தில் தோல் காய்ந்து இது இரட்டிப்பாகுமாம். வழவழப்புக் களிம்பை அடிக்கடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். கை எட்டாத இடத்துக்கு ஆள் வேண்டும் என்று அவரே சொன்னார். அந்த ஆள் யார்?

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 2

அன்புள்ளவளுக்கு,

நலம். அம்மாவைக் கீழேயே படுக்கச் சொல்.

உன் கவலைக்கு ஒரு நல்ல செய்தி. முதுகு முழுசாக ஆறிவிட்டது. அரிப்பில்லை, எரிச்சலில்லை. இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. இனிமேல் இதைப் பற்றி நினைத்துக் காலரைத் திருப்பித் தைக்காதே. மருந்துக்கடைக்காரரையும் இவ்வளவு நேரம் நிற்க வைத்துக் கேட்க வேண்டியதில்லை. அவருக்கும் வியாபாரம் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்றபடி ஒன்றுமில்லை. மேலுதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக நாலைந்து வந்திருக்கிறது. அடுப்புச் சூடாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 14

ஐயா அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு என்ன குறை!

ஊர்த் தண்ணீராம். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? இங்கே இரண்டு வேளையும் நான் தேய்த்துத் தேய்த்துப் போட்டும் பாதிதான் அடங்கும். கொஞ்சம் அசந்தால் திரும்பி வரும். அது அங்கே, நடுக்குளிரில், ஆளில்லாமல் தானாக ஆறிவிட்டதா? ஆறியிருந்தால் ஒரு கை அங்கே பட்டிருக்கிறது. தவறாமல், தினமும், நன்றாக அழுத்திப் பட்டிருக்கிறது. வலுவான கையாக இருக்கும்.

அடுத்தது உதடு. அது அடுப்புச் சூடில்லை, எனக்கு வருகிற அதே கொப்புளம். வருஷத்தில் இரண்டு தடவை வரும்போதெல்லாம் உங்களுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு வைத்து, கிட்டே வராதீர்கள் என்று தள்ளி நிறுத்தியவள் நான். எட்டு வருஷம் என்னிடமிருந்து வராதது, போன இடத்தில் இரண்டே மாதத்தில் எப்படி வந்தது? அது வைரஸ். வாய்க்கு வாய் தாவுவது. தண்ணீரில் வருவதில்லை.

முதுகு ஆறிவிட்டது, உதடு வெடித்துவிட்டது. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம். அத்தையிடம் சொன்னேன். “என் புள்ள அப்படியில்லடி” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்கப்பா இருந்தாரு” என்றார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன். நீங்களும் மறைக்காமல் எழுதுங்கள்.

வீட்டுக்காரி


மார்ச் 30

அன்புள்ளவளுக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

என்ன பேச்சு இது? வண்டிதான் போட்டுவிடுகிறான். ஆண்பிள்ளையிடம் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம். உதட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்பாவை ஏன் இதில் இழுக்கிறாய்?

வேலை அதிகம். மற்றவை பின்னர்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 10

என்னங்க,

இங்கே அனைவரும் சௌக்கியம்.

முதலில் உதடு. எனக்கும் மறுபடி கொப்புளம் வந்தது. உங்களை நினைத்து நினைத்து வந்ததுதான். டாக்டரிடம் போனேன். உங்கள் கதையையும் ஒரு தோழியின் புருஷன் கதை மாதிரி கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “இப்பத்தான் யார்கிட்ட இருந்தாவது வந்திருக்கணும்னு இல்லம்மா. இந்த வைரஸ் ஒரு தடவை உள்ளே போனா நரம்புல போய்ப் படுத்துக்கும். வருஷக்கணக்கா சத்தமே காட்டாது. தூக்கம் கெட்டா, காய்ச்சல் வந்தா, மனசு நொந்தா எழுந்து வரும். உங்க தோழிக்கு இருந்ததுன்னா அவங்ககிட்ட இருந்தே எப்பவோ போயிருக்கும்.”

நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். ஆனாலும் வெளியே வந்து படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு. நான் கொடுத்தது உங்களுக்குள் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறது, நீங்கள் அவ்வளவு தூரம் போயும் என்னுடையது ஒன்று கூடவே வந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம். நோயைக் கொடுத்துவிட்டுச் சந்தோஷப்படுகிற பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். அடுத்த தடவை உதட்டில் குறுகுறுப்பு தொடங்கியதுமே மாத்திரை போட வேண்டுமாம். கொப்புளம் வந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான். மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

இனி முதுகு. தன் துண்டை உங்கள் கயிற்றில் காயப்போடப் பயந்த வண்டி, உங்கள் முதுகைத் தொட்டு மருந்து போடுகிறானா? நீங்கள்தானே எழுதினீர்கள், கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டினான் என்று? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியமும் உங்களுக்கு வரவில்லை. உண்மையை மறைக்காதவர் ஏன் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும்? மனசு நொந்தால் கொப்புளம் வருமாம். உங்கள் மனசை எது நோகடித்தது? குற்றம் செய்த மனசா?

உண்மை வரும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.


மே 5

அன்புள்ளவளுக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வராது என்று எழுதியவள் எழுதாமல்தான் இருப்பாய், தெரியும். இருந்தாலும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்கிறேன்.

போன் செய்தேன், அம்மாதான் எடுத்தார்கள். “அவ நல்லாத்தான் இருக்கா. காலர்தான் கோணலா வருதாம்” என்றார்கள். நீ பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. முதலாளியும் இங்கே பக்கத்தில் நின்றார். வைத்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் வீட்டுக்காரன்


மே 29

அன்புள்ளவளுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இதனுடன் ஒரு போட்டோ இருக்கிறது. பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. அது என் முதுகு. ஸ்டுடியோக்காரர் முதலில் எடுக்க மாட்டேன் என்றார். “அண்ணே, எல்லாரும் மூஞ்சியைத்தான் எடுப்பாங்க” என்றார். மூஞ்சியைப் பார்த்து என் பெண்டாட்டி நம்ப மாட்டாள் என்றேன். எடுத்தார். கழுவிக் கொடுத்தபோது முதல் தடவையாக நீ எட்டு வருஷம் பார்த்ததை நானும் பார்த்தேன். இது தெரிந்திருந்தால் உன்னை இன்னும் மரியாதையாக நடத்தியிருப்பேன்.

யாரும் போடவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு கையும் படவில்லை. நீளக் கரண்டியில் துணி சுற்றிப் பார்த்தேன், பாதி மருந்து சட்டைக்குத்தான் போயிற்று. சுவரில் களிம்பைத் தடவி அதில் முதுகைத் தேய்த்துப் பார்த்தேன், எருமை மாதிரி. சுவர் பளபளப்பாக ஆகிவிட்டது. ராத்திரி அரிப்பில் தூக்கமில்லை, விடிந்தால் அடுப்பு. பனியன் ஒட்டிக்கொள்ளும், உரித்துத்தான் எடுக்க வேண்டும். நீ இதைக் கேட்டால் வேலையை விட்டுவிட்டு வா என்பாய், அல்லது நீயே கிளம்பி வந்து நிற்பாய். ஆறிவிட்டது என்றால் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன். நான் ஆறிவிட்டது என்றால் நீ அந்த ஆறினதை யார் ஆற்றினார்கள் என்று கேட்பாய் என்பது இந்த மடையன் புத்திக்கு எட்டவில்லை.

மாவைப் பற்றிக் கேட்டாய். வயது உன்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கும். பார்க்கவும் நன்றாகத்தான் இருப்பாள். இதையும் மறைக்கவில்லை. கை வலுவைத்தான் எழுதினேன், அந்தக் கை இருக்கிற நிலையை எழுதவில்லை. நாள் முழுக்க மாவும் தண்ணீரும் பட்டு இரண்டு கையிலும் கரப்பான் புண். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். முதலாளி வருகிறபோது மறைத்துக்கொள்வாள். நான் ஒரு நாள் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டாள். “அண்ணே, மருந்து இருந்தா குடுங்க, நான் போட்டுவிடறேன். தோல் எரியறது எனக்குத் தெரியும்” என்றாள்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இனி நீ நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 12

என்னங்க,

நான் நலம் என்று எப்படி எழுதுவேன்?

படித்துவிட்டுப் பார் என்று எழுதியிருந்தீர்கள். நான் போட்டோவைத்தான் முதலில் எடுத்தேன். பொய் சொல்லக் கூடாது, எழுதிவிடுகிறேன். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. என் இடம் நான் விட்ட மாதிரியே இருக்கிறது, ஒருத்தியும் தொடவில்லை என்று கண் விரியப் பார்த்தேன். அது முன்பைவிட மூன்று மடங்கு பரவியிருப்பதும், கழுத்துவரை ஏறியிருப்பதும், கோடு கோடாக ரத்தம் காய்ந்திருப்பதும் பிறகுதான் தெரிந்தது. கட்டின புருஷன் முதுகு கிழிந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனசை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

அத்தை போட்டோவைப் பார்த்தார்கள். டீ கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை தோழியின் புருஷன் என்று சொல்லவில்லை. இவ்வளவு முற்றினதற்குக் களிம்பு மட்டும் போதாது, அங்கேயே தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும், மாத்திரையோ ஒளிச் சிகிச்சையோ அவர் சொல்வார் என்றார். ஆனால் களிம்பும் நிற்கக் கூடாதாம், தினமும் போட்டே ஆக வேண்டுமாம். யூனிட்டில் லீவு கேட்டேன். இந்த ஆர்டர் முடியும்வரை யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை உங்கள் முதுகு காத்திருக்காது.

அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். மறுப்பு சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணிடம் போய், மருந்து போட்டுவிடம்மா என்று கேளுங்கள். நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அண்ணே என்று கூப்பிடுகிறாளாமே, இதை ஜனவரியிலேயே எழுதியிருந்தால் எத்தனை காலர் பிழைத்திருக்கும்!

கையுறை போட்டுக்கொண்டு போடச் சொல்லுங்கள். மருந்து பட்டால் வெடித்த கைக்குக் கெடுதல், அதற்காகச் சொல்கிறேன். அதற்காக மட்டும் சொல்லவில்லை. பிசைகிறபோதும் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போடச் சொல்லுங்கள், கரப்பான் குறையும். உள்ளே போடுவதற்கு யூனிட்டில் மிஞ்சிய பருத்தித் துணியில் நாலு ஜோடி தைத்து அனுப்பியிருக்கிறேன். கை அளவு தெரியாது. வலுவான கை என்று எழுதியிருந்தீர்கள், பெரிதாகவே வெட்டினேன்.

போட்டானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். போட்டாயிற்று என்று மட்டும் எழுதினால் போதும். எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். அதைத் தாங்குகிற அளவுக்கு நான் இன்னும் நல்லவளாகவில்லை.

உங்கள்,
வீட்டுக்காரி


ஜூன் 30

அன்புள்ளவளுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு டீ போட்டுக் கொடு, கேட்காவிட்டாலும்.

தோல் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தொடங்கியிருக்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கையுறை வந்தது. மாவுக்குச் சரியாக இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வரி: போட்டாயிற்று.

எப்படி இருந்தது என்று எழுதக் கூடாது என்பது உன் உத்தரவு. அதனால், அது உன் கை மாதிரி இல்லை என்பதை நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்